மேடைக்கு மலிவான ஆர்ச்டொப் கிட்டார்: மலையில் எது தாங்கும்?

கொட்டகலை மாஸ்டர்:

கொட்டகலைக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். வெள்ளி, சனி இரவுகளில் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் கணப்பு அறையில் மூன்று பேராக வாசிக்கிறோம். சக்ஸபோனுக்கு ஒரு பெரியவர், பாடுவதற்கு ஒரு தங்கை, கிட்டாருக்கு நான். டிரம் கிடையாது, ஆகவே தாளமும் என் தலையில்தான். பழைய ஆங்கில ஸ்விங் (ஜாஸ் வகை) பாடல்களில் தொடங்குவோம், நடுவில் பழைய தமிழும் சிங்களமும் வரும், பத்து மணிக்கு மேல் எப்படியும் பைலா ஆட்டப்பாட்டில் போய் முடியும். வருடத்தில் நாலைந்து முறை தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிலும் வாசிப்பேன். அங்கே ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், ஜெனரேட்டர் மின்சாரம்.

இப்போது என்னிடம் இருப்பது பதினான்கு வருடப் பழைய சொலிட்பொடி (உள்ளே கூடில்லாத முழுக்கட்டை) மின்கிட்டார். அதில் எந்தக் குறையும் எனக்குத் தெரிந்ததில்லை. போன மாதம் சக்ஸபோன்காரர் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, நீங்கள் வாசிப்பது சரிதான். ஆனால் லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தில் மழை பெய்வது போலக் கேட்கிறது" என்றார். அன்றிலிருந்து எனக்கும் அப்படித்தான் கேட்கிறது.

வளைந்த மேற்பலகையும் வயலினில் இருப்பது போல இரண்டு துளைகளும் கொண்ட ஆர்ச்டொப் ஒன்று வாங்க வேண்டும். கையில் 1,80,000 ரூபாய். மனைவிக்குத் தெரிந்த கணக்கு 1,50,000. மீதி பிரத்தியேக வகுப்புப் பணம். விசாரித்ததில் மூன்று கிடைத்திருக்கின்றன. கண்டியில் ஒருவர் பாவித்த ஐபனெஸ் ஏஎஃப் 75ஐ 1,60,000க்குத் தருகிறார். கொழும்பில் எப்பிஃபோன் கசினோ ஒன்று, இரண்டு இலட்சம் கேட்கிறார், இறங்கி வரலாம். மூன்றாவது, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இருக்கிறது. பெயர் எதுவும் இல்லாத கிட்டார், மேற்பலகை மரத்தைச் செதுக்கியே செய்தது, கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப் இல்லை, 90,000. நிறம் மலைத்தேனைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெயிலில் பிடித்தது போல இருக்கிறது. பின்பலகையில் அலை அலையாக ரேகை. மெதுவாக ஒரு கோட் (பல கம்பிகள் சேர்ந்த சுரக்கூட்டு) பிடித்தேன், அந்த வெற்றுக்கூடம் முழுவதும் நிறைந்துவிட்டது.

தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று பஸ்ஸில்தான் கொண்டு போக வேண்டும். மழை, மூடுபனி இரண்டும் உங்களுக்குத் தெரியும். மேடையில் ஊளையிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். எதை வாங்குவது?


தலவாக்கலை சவுண்ட்:

மாஸ்டர், பதினெட்டு வருடமாகத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலி அமைத்துக் கொடுப்பவன் நான். எந்தக் கிட்டார் இனிமையானது என்பதில் எனக்கு அபிப்பிராயம் கிடையாது. எது என்னைச் சனங்கள் முன் தலைகுனிய வைக்கும் என்பது மட்டும் தெரியும்.

கசினோவை விட்டுவிடுங்கள். 1961இல் வந்த கிட்டார், பெயர் பெற்றது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் இருப்பது பி-90 பிக்கப், ஒற்றைச் சுருள். சுற்றியுள்ள மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முரலலை அப்படியே வாங்கிப் பெருக்கிவிடும். வீட்டில் வாசிக்கும்போது தெரியாது. எர்த் சரியில்லாத மேடையில், பக்கத்தில் ஜெனரேட்டரும் வண்ண விளக்குகளும் ஓடும்போது, பாடகி மூச்சு எடுக்கிற இடத்திலெல்லாம் வண்டு பறக்கும். ஐபனெஸ்ஸில் இருக்கும் ஹம்பக்கர் பிக்கப்பில் இரண்டு சுருள்கள், எதிரெதிராக அமைந்தவை. வெளியிலிருந்து வருகிற முரலலை ஒன்றுக்கொன்று அடித்துப் போட்டுவிட்டுக் கம்பியின் ஓசையை மட்டும் அனுப்பும். இன்னொன்று, கசினோ மெலிந்திருக்கிறது என்று ஏமாற வேண்டாம். உள்ளே நடுக்கட்டை இல்லை, முழுவதும் வெறும் கூடுதான். அதுவும் ஊளையிடும்.

ஊளை என்பது பேய் இல்லை. ஸ்பீக்கரின் ஓசை கிட்டாரின் மேற்பலகையை அசைக்கிறது, பலகை கம்பியை அசைக்கிறது, பிக்கப் அதை மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்புகிறது. சுற்றிச் சுற்றிப் பெருத்துக்கொண்டே போகும். தடித்த ஆறாம் கம்பியில் ஐந்தாம் பிரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பிடித்தால் 110 ஹெர்ட்ஸ். பெரிய உடம்புக் கிட்டார்கள் பெரும்பாலும் அந்த அக்கம்பக்கத்தில்தான் குரல் எழுப்பத் தொடங்கும். உங்களுடையது எந்தச் சுரத்தில் ஊளையிடுகிறது என்று வீட்டிலேயே கண்டுபிடித்து வைத்திருங்கள். மேடைக்கு வந்ததும் என்னைப் போன்றவனிடம் அந்தச் சுரத்தைச் சொன்னால் மிக்சரில் அந்த இடத்தை மட்டும் ஒடுக்கித் தருவோம். "பேஸ் அதிகம் அண்ணா" என்று மட்டும் சொன்னால் கிட்டாரையே ஒடுக்கிவிடுவோம். பழி உங்களுக்கு.

வாசிப்பவர்களைப் பார்த்து வைத்திருக்கும் மொனிட்டர் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேரே கிட்டாரைக் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஆம்பை (கிட்டாரின் ஒலிபெருக்கியை) ஒரு நாற்காலியின் மேல் வைத்து, அதற்குப் பக்கவாட்டில் நில்லுங்கள்.


பண்டாரவளை டீமேக்கர்:

தம்பி, முதலில் பங்களாக் கிட்டாரைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் மனம் அங்கேதான் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் விலையை மட்டும் எழுதினீர்கள், இதற்கு நிறத்தையும் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கும் அப்படி ஒன்று இருந்தது. 1987இல், தோட்டத்தை விட்டுப் போன ஒருவரிடமிருந்து வாங்கினேன். செதுக்கிய ஸ்ப்ரூஸ் மர மேற்பலகை. முதல் எட்டு மாதம் அதை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடவும் தயாராக இருந்தேன். பிறகு ஓகஸ்ட் வந்தது. ஊவாப் பக்கத்துக் காய்ந்த காற்று உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அடிக்கிற அந்தக் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணத்தைக் கொடுக்கிறது. என் கிட்டாருக்கு அது கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து கீழ் விளிம்பு வரை ஒரு வெடிப்பைக் கொடுத்தது. ஒட்டி எடுத்தேன். டிசம்பர் மழையில் மரம் மறுபடி ஊதியது. இந்த முறை உள்ளே இருந்த தாங்குசட்டம் ஒன்று ஒட்டு விட்டுக் கழன்றது. அதன்பின் எந்தப் பாட்டை எடுத்தாலும் கூடவே ஒரு குளவி. அது செத்துப்போனது என்று நான் ஒப்புக்கொள்வதற்கு மேலும் மூன்று வருடம் ஆனது.

தேயிலைப் பெட்டி நினைவிருக்கிறதா? இப்போது எல்லாம் காகிதச் சாக்கு. நான் தொழிற்சாலையில் சேர்ந்த காலத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டிகள், உள்ளே ஈயத்தாள். கப்பலில் வாரக்கணக்கில் உப்புக்காற்றைத் தாண்டிப் போய் லண்டனில் இறங்கும்போதும் பலகை நேராகவே இருக்கும். மெல்லிய தகடுகளை ஒன்றின் ரேகைக்கு மற்றதன் ரேகை குறுக்காக வரும்படி ஒட்டியிருப்பார்கள். ஒன்று ஊதப் பார்த்தால் மற்றது விடாது. (ஐம்பதுகளில் இங்கிலாந்தில் பையன்கள் நம் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு துடைப்பக்கட்டையும் ஒரு கயிறும் மாட்டி பேஸ் வாசித்தார்கள். நம் தேயிலை குடித்தவர்களுக்குப் பெட்டியும் இலவசம்.)

உங்கள் ஏஎஃப் 75இன் மேற்பலகை அந்தச் சாதி. ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்தது. "ஒட்டுப்பலகையா?" என்று முகம் சுளிப்பவர்களிடம் வரலாற்றைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி 1922இல் எல்-5 ஆர்ச்டொப்பைக் கொண்டு வந்தபோது கிட்டாருக்கு மின்சாரம் கிடையாது. ஒரு முழு வாத்தியக் குழுவின் நடுவே கேட்க வேண்டுமானால் செதுக்கிய பலகையின் உரத்த குரல் தேவைப்பட்டது. கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் கிட்டார்காரர் ஃபிரெடி கிரீன் ஆம்ப் இல்லாமலே தாளம் பிடித்தவர், அவருக்கு அது வேண்டும். 1949இல் அதே கிப்சன் ஈஎஸ்-175ஐச் செய்தபோது மேற்பலகைக்கு ஒட்டுப்பலகையைப் போட்டது. விலை குறைந்தது, மேடையில் ஊளையும் குறைந்தது. ஜாஸ் கிட்டார்காரர்கள் ஜோ பாஸும் ஜிம் ஹாலும் அந்த ஒட்டுப்பலகையில்தான் வாசித்தார்கள். ஐபனெஸ் 2002இல் தொடங்கிய ஆர்ட்கோர் வரிசை இந்த வழியில் வந்தது. ஏஎஃப் 75இன் உடம்பு ஈஎஸ்-175ஐ விட அரை அங்குலம் ஒடுக்கம், கம்பி நீளம் ஏறத்தாழ அதே 24¾ அங்குலம். கைக்கு வித்தியாசம் தெரியாது.

நீங்கள் ஆம்ப் போட்டு வாசிக்கப் போகிறீர்கள். ஆம்ப் இல்லாத குரலுக்காக ஏன் 90,000 கொடுக்கிறீர்கள்? அதற்குப் பிக்கப் வேறு பொருத்த வேண்டும். பங்களாவுக்கு இன்னொரு முறை போகாதீர்கள். போனால் வாங்கிவிடுவீர்கள்.

ஊளைக்கு சவுண்ட் தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ப்ளூஸ் பாடகர் பி.பி. கிங் தன் கிட்டாரின் துளைகளுக்குள் துணியைத் திணித்து வைத்துத்தான் வாசித்தார். 1980இல் அவர் பெயரில் கிப்சன் வெளியிட்ட லூசில் கிட்டாரில் துளையே வைக்கவில்லை. அவரே வெட்கப்படாதபோது நமக்கு என்ன?

இன்னும் ஒன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நானுஓயாக் குளிரில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கணப்பு அறைக்குள் போய் உறையைத் திறக்காதீர்கள். மூடிய உறையோடு நெருப்பிலிருந்து தள்ளி, அறையின் மூலையில் அரை மணி நேரம் வையுங்கள். அதற்குள் நீங்கள் ஒரு பிளேன்டீ குடியுங்கள். வீட்டில் அலுமாரியின் அடித்தட்டில் 15 வாட் பல்ப் ஒன்று எரியட்டும், கிட்டார் அதிலிருந்து மூன்று அடி தள்ளி மேலே. சேலைக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க எங்கள் அம்மா செய்ததுதான். ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே வைத்து, முள் 45க்கும் 55க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.


பதுளை ஒற்றைக்கம்பி:

ஐயா எழுதியதை மதிக்கிறேன், ஆனாலும் கேட்கிறேன். மாஸ்டருக்கு ஆர்ச்டொப்தான் வேண்டுமா, அந்த ஓசைதான் வேண்டுமா? கனடாவின் எட் பிக்கர்ட் ஃபெண்டர் டெலிகாஸ்டரில்தான் ஜாஸ் வாசித்தார். கண்ணை மூடிக் கேட்டால் பெரிய உடம்புக் கிட்டார் என்றே சத்தியம் செய்வீர்கள். பழைய கிட்டாரில் வழவழப்பான ஃபிளாட்வுண்ட் கம்பிகளைப் போட்டு, கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் வைத்து, டோனைப் பாதிக்கு மேல் குறைத்துப் பாருங்கள். சில ஆயிரங்களில் முடிந்துவிடும்.

அதிலும் மனம் ஆறவில்லை என்றால் நடுக்கட்டை உள்ள ஐபனெஸ் ஏஎஸ் 73 பாருங்கள். 1958இல் கிப்சன் ஈஎஸ்-335இல் உடம்பின் நடுவே ஒரு கட்டையை ஓட விட்டதே ஊளையை அடக்கத்தான். திருவிழாவுக்கு அதுதான் பாதுகாப்பு. என்னிடம் அது ஆறு வருடமாக இருக்கிறது, ஒரு நாளும் காலை வாரியதில்லை.


பண்டாரவளை டீமேக்கர்:

பதுளைத் தம்பி சொல்வது திருவிழாவுக்குச் சரி. ஆனால் மாஸ்டர் ஒரு சொல் எழுதியிருக்கிறார், கவனித்தீர்களா? டிரம் கிடையாது.

நடுக்கட்டை உள்ள கிட்டாரில் கோட் ஒன்றைத் தட்டினால் அது நின்று நீளும். தனியாக ராகம் இழுப்பவருக்கு அது வரம். கூட்டின் மேல் பிரிட்ஜ் உட்கார்ந்திருக்கிற ஆர்ச்டொப்பில் தட்டினால் "டக்" என்று எழுந்து உடனே விழுந்துவிடும். அந்த விழுகைதான் தாளம். நான்கு தட்டு ஸ்விங்கோ ஆறெட்டு பைலாவோ, இடது கையைச் சற்றுத் தளர்த்தினால் போதும், தப்புக்காரன் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். சக்ஸபோன்காரர் தகரத்தில் மழை என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். மழைக்கு இடைவெளி கிடையாது.

ஃபிளாட்வுண்ட் யோசனை மட்டும் பொன். ஐபனெஸ்ஸிலும் அதையே போடுங்கள், 12 அளவுத் தடிமன், மூன்றாம் கம்பியும் சுற்றுக்கம்பியாக இருக்கட்டும். மெல்லிய கம்பி போட்டால் பிரிட்ஜ் மேல் அழுத்தம் போதாது, ஓசையும் ஒல்லியாகிவிடும்.


கண்டி மரவேலை:

கிட்டார் பழுது பார்ப்பவன். பாவித்த ஆர்ச்டொப் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், ஆகவே எனக்கு வேலை குறைவதில்லை.

பிரிட்ஜின் இரு பக்கமும் சிறிய சக்கரங்கள் இருக்கும், உயரத்தைக் கூட்டிக் குறைக்க. அவை அடிமட்டம் வரை இறக்கியிருந்தும் கம்பி உயரமாக நிற்கிறதென்றால் கழுத்து மேலே வந்துவிட்டது என்று பொருள். விற்பவர் தேநீர் கொடுத்தாலும் குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் பொலிஷில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். மேற்பலகையை விரல் கணுவால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் சத்தம் உடைந்து சலசலத்தால் உள்ளே சட்டம் கழன்றிருக்கிறது.

பிறகு ஆம்பில் போட்டு ஒவ்வொரு குமிழையும் திருகுங்கள். கரகரவென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொலிட்பொடியில் பின்மூடியைக் கழற்றிப் பத்து நிமிடத்தில் மாற்றும் பொட் (குமிழுக்குக் கீழே இருக்கும் பாகம்), இதில் துளை வழியாக வெளியே இழுத்து, மறுபடி நூல் கட்டி உள்ளே அனுப்பி, ஒவ்வொரு தண்டும் அதனதன் ஓட்டைக்கு வந்து சேர வேண்டும். போத்தலுக்குள் கப்பல் கட்டுகிற வேலை. நான் அதற்குத் தனிக்கூலி வாங்குகிறேன்.

பிரிட்ஜ் இந்தக் கிட்டாரில் ஒட்டியிருக்காது, கம்பியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும். எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கையோடு வந்துவிடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். சரியான இடம் கிடைத்ததும் பென்சிலால் இரண்டு பக்கமும் சின்னக் கோடு போட்டு வையுங்கள். பஸ்ஸில் யாராவது இடித்து நகர்ந்துவிட்டால், பன்னிரண்டாம் பிரெட்டில் விரலை மெல்ல வைத்து எடுத்த மணியோசையும் அழுத்தி வாசித்த சுரமும் ஒன்றாக இருக்கும் வரை நகர்த்துங்கள். மென்பை வேண்டாம், பலகைப் பெட்டியே வாங்குங்கள்.


கொட்டகலை மாஸ்டர்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பள்ளியில் தவணைப் பரீட்சை.

பங்களாவுக்கு இன்னொரு முறை போனேன். டீமேக்கர் ஐயா மன்னிக்க வேண்டும். டோர்ச் கொண்டு போயிருந்தேன். கழுத்தடியில் கோடு தெரிந்தது, தட்டிப் பார்த்தேன், இடது தோளில் சலசலத்தது. அப்படியும் கையிலிருந்து கீழே வைக்கக் கால் மணி நேரம் ஆனது.

கண்டிக்குப் போய் ஐபனெஸ்ஸை வாங்கினேன். சக்கரங்கள் நடு உயரத்தில் இருந்தன, கழுத்து நேர். பின் பிக்கப்பின் குமிழ் மட்டும் கரகரத்தது. "அது ஒன்றுமில்லை, திருகினால் சரியாகிவிடும்" என்றார் விற்றவர். போத்தலுக்குள் கப்பல் கதையைச் சொன்னேன். 1,48,000க்கு இறங்கினார். ஆகவே பிரத்தியேக வகுப்புப் பணத்தைப் பற்றி வீட்டில் பேச வேண்டியே வரவில்லை. பொட், கம்பி, பெட்டி எல்லாம் அதில் போயிற்று. பொட் மாற்றுவதைக் கண்டி அண்ணாவின் பட்டறையில் நேரில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டரை மணி நேரம். நடுவில் நூல் அறுந்தது. அப்போது அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சவுண்ட் அண்ணா, என்னுடையது ஐந்தாம் பிரெட்டில் ஊளையிடவில்லை, நான்காம் பிரெட்டில். 110ஐ இரண்டின் பன்னிரண்டாம் மூலத்தால் வகுத்தால் 103.8. சனிக்கிழமை ஹோட்டலில் ஒலி பார்க்கிற பையனிடம் "நூற்று நான்கை ஒடுக்கு" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஒடுக்கினான். மிச்சமிருந்த ஊளைக்கு மகளுக்குச் சிறுத்துப்போன கம்பளிக் காலுறை இரண்டைத் துளைக்கு ஒன்றாகத் திணித்தேன். ஒன்று இளஞ்சிவப்பு. மேடையிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன், பாடகித் தங்கை முதல் பாட்டு முழுவதும் சிரித்துக்கொண்டே பாடினாள்.

திருவிழாவுக்குப் பழைய கிட்டாரையே கொண்டு போவதாக முடிவு. பதுளைத் தம்பி சொன்னபடி ஃபிளாட்வுண்ட் போட்டுவிட்டேன், அதுவும் முன்பு போலத் தகரம் இல்லை.

சக்ஸபோன்காரர் கிட்டாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பாட்டில் அவருடைய பகுதி முடிந்து பாடகி தொடங்க வேண்டிய இடத்தில், வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்து விரலை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு முறை அதே தாளம் என்று அர்த்தம். அப்படி நான்கு முறை சுற்றினார்.

டீமேக்கர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. கொட்டகலை, ஹட்டன் இரண்டு இடத்திலும் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன், எல்லாம் எல்இடி. அதைத் தொட்டால் சூடே இல்லை, அலுமாரி முள் 78இல் நிற்கிறது. அந்தப் பழைய இழை பல்ப் உங்கள் பக்கம் இன்னும் கிடைக்கிறதா?